மறைப்பது வேறு, அழிப்பது வேறு



நம்ம கிளியூர் அருவியைப் படம் எடுக்காதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் படத்தில் பாறை தெளிவாக வந்தால் வானம் வெளுத்துப் போகும். வானம் சரியாக வந்தால் பாறை கறுத்துப் போகும். இதைச் சரிசெய்ய உதவுவதுதான் சேனலும் மாஸ்க்கும்.

முதலில் சேனல். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களின் அளவு இருக்கிறது. சாதாரணப் படங்களில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. தனித்தனியாகப் பிரித்தால் மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள் கிடைக்கும். அவைதான் சேனல்கள். இதில் நீலச் சேனலைப் பாருங்க: வானம் வெளிச்சமாக இருக்கும், காடு இருட்டாக இருக்கும். கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தை விரலால் வரைந்து எடுக்கவே வேண்டாம், அந்தச் சேனலே பிரித்துக் கொடுத்துவிடும்.

அடுத்து மாஸ்க். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் நிறம் பாதி காட்டும். விதி அவ்வளவுதான். கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்துக்கு இன்னொரு லேயர் போட்டு, அதில் வெளிச்சத்தைக் குறையுங்க. நீலச் சேனலின் நகலை அந்த லேயருக்கு மாஸ்க்காக வையுங்க. வானம் அடங்கும், பாறை அப்படியே இருக்கும். அருவித் தண்ணீரும் வெள்ளைதானே, அதுவும் சேர்ந்து மங்கும். அந்த இடத்தில் மட்டும் மாஸ்க்கில் கறுப்புத் தீற்றினால் போதும். செல்போனில் ஸ்னாப்சீட் செயலியிலும் மாஸ்க் உண்டு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை. மறுபடி வெள்ளை தீற்றினால் மறைந்தது திரும்ப வந்துவிடும். அருவிப் படத்துக்கு அது வரம். ஆதார் அட்டைக்கு?

தங்கும் விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எண் தெரியக்கூடாது என்று செல்போன் பேனாவால் கோடு போடுகிறோம். அது ஹைலைட்டர் பேனாவாக இருந்தால், கறுப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் அடர்ந்த சாம்பல்தான். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டினால் எண் வெளியே வந்துவிடலாம். பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டம் வைத்தாலும், அடியில் இருக்கிற எழுத்தைப் பல நேரம் நகலெடுத்துவிட முடியும். வெட்டி எடுப்பதையும் கண்மூடி நம்ப முடியாது: கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மீதிப் பகுதியை மீட்க முடிகிற குறைபாடு 2023-ல் தெரியவந்து, பிறகு சரிசெய்யப்பட்டது.

அப்போ என்ன செய்வது?

முதல் வழி, எண் மறைக்கப்பட்ட ஆதாரையே பயன்படுத்துவது. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில், பதிவு செய்த செல்போனுக்கு வரும் ஓடிபி மூலம் நுழைந்து, பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்பதைத் தேர்வு செய்யுங்க. முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். இதில் எண்ணை யாரும் திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் அந்த இடத்தில் எண்ணே அச்சாகவில்லை. முழு எண் கட்டாயம் தேவைப்படும் அரசு சேவைக்கு மட்டும் முழு ஆதாரைக் கொடுங்க.

வேறு ஆவணத்தை நீங்களே மறைப்பதாக இருந்தால், முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்க. கியூஆர் குறியீட்டையும் மறையுங்க. அதற்குள்ளும் உங்கள் விவரம் இருக்கலாம். அனுப்பும் முன் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிப் பாருங்க. உங்களுக்கே எண் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரியும்.

ஆதார் பற்றிய சந்தேகங்களுக்கு 1947. இணையவழியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930. இரண்டு எண்களையும் இப்போதே செல்போனில் சேமித்துக்கொள்ளுங்க.