எட்டுச் சிலிண்டரின் தாளக்கட்டு

முன்னால் மேசை இருந்தால் இரண்டு கைகளையும் அதன்மேல் வையுங்கள். ஒரே சீராக எட்டு அடி அடிக்க வேண்டும்: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. நிறுத்தாமல் இதையே திரும்பத் திரும்ப அடித்தபடி, இடது கையை மட்டும் கவனியுங்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முதலில் மூன்று எண்ணிக்கை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, மறுபடி இரண்டு. எட்டும் சேர்ந்தால் கணக்கு சமம். ஒரு கையை மட்டும் கேட்டால் நடை ஒரு பக்கம் சாய்கிறது. பெரிய வி8 இஞ்சின் கொண்ட அமெரிக்க மஸில் காரின் உறுமல் இந்தச் சாய்விலிருந்துதான் பிறக்கிறது. 1967 மாடலாக வந்த கமாரோவின் செவ்ரோலே வி8 இஞ்சினில், இடம் நான்கும் வலம் நான்குமாக இருக்கும் சிலிண்டர்கள் இதே வரிசையில்தான் வெடிக்கின்றன. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் ஓர் ஆவர்த்தனம். வண்டி நின்றபடி 700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 700 சுற்று) ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய ஆறு ஆவர்த்தனம் நம் காதில் விழுகிறது.

இப்படிப்பட்ட காருக்குப் புது எக்ஸாஸ்ட் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எவ்வளவு சத்தம் வரும், எத்தனை குதிரைசக்தி கூடும். இரண்டுமே பின்னால் கேட்க வேண்டியவை என்பது என் கருத்து. இஞ்சினுக்கு உள்ளேயே இருக்கும் தாளத்தை இந்தக் குழாய் என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி. சக்தியை எடுத்துக்கொள்வோம். 1960-களின் காரில் சிலிண்டர்களின் புகையைத் திரட்டிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் உள்ள ஹெடரை மாட்டினால் பலன் கண்கூடு. இன்றைய ஃபோர்டு மஸ்டாங்கிலோ அண்மைக்காலக் கமாரோவிலோ தொழிற்சாலையே அந்த வேலையைப் பெருமளவு செய்து முடித்துவிட்டது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் சக்தி சொற்பம். குழாய் பெரிதானால் சக்தியும் பெருகும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதே அளவு புகை மெதுவாகப் போகிறது. வேகமாகப் போகும் புகைதான் தன் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு தளர்ந்தால், ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் நஷ்டமும் வரலாம். ஆகவே பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்குவது ஒலியை. அப்படியானால் அதை ஒலியாகவே மதிப்பிடுவதுதான் நேர்மை.

ஒலியைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, காரின் அடியில் இரண்டு பக்கக் குழாய்களும் சந்திக்கும் இடத்துக்கு உண்டு. இரண்டையும் ஒரு சிறு பாலத்தால் இணைத்தால் அது எச் வடிவம். இரண்டையும் குறுக்கே ஒன்றாகக் கலந்துவிட்டுப் பிரித்தால் எக்ஸ் வடிவம். எச் குழாயில் இடது கையும் வலது கையும் தனித்தனியே கேட்கின்றன. அடிக்குரல் கனமாக, இடைவெளியோடு வருகிறது. எக்ஸ் குழாய் இரண்டு கைகளின் அடிகளையும் ஒன்றோடொன்று கலந்து சமன்செய்கிறது. குரல் மேலேறி வழவழப்பாகிறது. பந்தய நோக்கில் எக்ஸ் வடிவைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மஸில் காரை மஸில் காராகக் கேட்க விரும்புகிறவர் எச் குழாயை முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு கையும் மாறி மாறி விழும்படி வேறு வகைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஃபோர்டு தயாரித்த ஷெல்பி ஜிடி350-உம் எட்டுச் சிலிண்டர்தான். அதன் குரல் ஃபெராரியின் பக்கம் போய்விட்டது. எண்ணிக்கை மாறவில்லை, இடைவெளி மாறியது; அதோடு அடையாளமும் மாறியது.

சத்தம் அடங்கினால் மஸில் காரின் உயிரே போய்விடுமே என்று சிலர் வாதிடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் 2000 ஆர்பிஎம்மில் போகும் வி8 இஞ்சினில் நொடிக்கு 133 வெடிப்பு. அந்த ஒரே சுருதி காருக்குள் புகுந்து மணிக்கணக்கில் காதை அழுத்தும். இதற்கு மருந்தாக, வல்லவர்கள் முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைப் பக்கத்தில் பற்றவைக்கிறார்கள். அந்தச் சுருதியின் அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது சூடான புகையில் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதன் நீளம். உள்ளே போன அலை அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது, எதிரே ஏறுகிற அலைக்கு இறங்குமுகமாக வந்து அதை அழித்துவிடுகிறது. மற்ற சுருதிகள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. குரலை நெரிக்காமல் இரைச்சலை மட்டும் எடுப்பது இதுதான். இந்தக் கலையின் உச்சம் கூட்டுவதில் இல்லை, எதைக் கழிப்பது என்று அறிவதில் இருக்கிறது.

என் கார், என் விருப்பம் என்ற வாதமும் உண்டு. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதைத் தயாரிப்பாளர்களே உணர்ந்திருக்கிறார்கள். பான்டியாக் தன் 1970 மாடல் ஜிடிஓ காரின் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் வைத்தது. இழுத்தால் சைலன்சரின் தடுப்பு திறந்து குரல் உயரும். சில நூறு கார்களோடு அந்த வசதி நின்றுபோனது. 2018 மஸ்டாங் ஜிடியில் ஃபோர்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: விடிகாலையில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கலையாமல் இஞ்சினை எழுப்ப, ஒலியைப் பத்து டெசிபல் அளவு இறக்கும் ஏற்பாடு. பத்து டெசிபல் இறங்கினால் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். கலிஃபோர்னியாவில் இவ்வகைக் கார்களுக்கு 95 டெசிபல் உச்சவரம்பு. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதை அமெரிக்க மத்தியச் சட்டமே தடுக்கிறது. நல்ல குழாய்க்கு இந்த எல்லைகள் தாராளமாகப் போதும்.

ஆகவே தேர்வு செய்கிறவர், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து எடுத்த பதிவைக் கேட்டு மயங்க வேண்டாம். அந்த நிலையில் எந்தக் குழாயும் கம்பீரமாகத்தான் ஒலிக்கும். வண்டி நிற்கும்போது கேளுங்கள், நெடுஞ்சாலை வேகத்தில் காருக்குள் உட்கார்ந்து கேளுங்கள். நல்ல எவர்சில்வர் பாத்திரத்துக்கு எடுக்கும் 304 ரகத்தில் செய்த குழாய் என்றால் ஆண்டுக்கணக்கில் துருவுக்கு அஞ்ச வேண்டாம். அத்தனை ஆண்டும் கேட்கப்போகும் குரலைத்தான் இன்று தேர்ந்தெடுக்கிறீர்கள். நின்று ஓடும் அந்த இஞ்சினோடு சேர்ந்து, தொடக்கத்தில் அடித்த எட்டு அடியை மெல்ல நினைத்துப் பாருங்கள். நெருங்கி விழும் அடியும் தள்ளி விழும் அடியும் காதுக்குப் பிரிந்து தெரிந்தால், அந்தக் குழாயை நம்பி வாங்கலாம்.