கைப்பேசி சளியைப் பார்க்குமா?

(ஐரோலியில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு பெட்டியோடு ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். காய்ச்சல் என்று மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே மராத்தியிலும் இந்தியிலும் கேட்பார்கள். வலியைச் சொல்ல நமக்கு வார்த்தை வராது. கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவோ நள்ளிரவிலும் தமிழில் பதில் சொல்கிறது, எரிந்து விழுவதில்லை. ஏழை அதனிடம் போகாமல் யாரிடம் போவான்? அவனைப் பழிக்க நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர், சமையல் உப்பு கெடுதல் என்றெண்ணி, அதற்கு மாற்று என்னவென்று சாட்ஜிபிடியைக் கேட்டார். பிறகு சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் உணவில் சேர்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சொல்லுமளவுக்குப் புத்தி பேதலித்து, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். 2025-இல் மருத்துவ ஏடொன்றில் வந்த செய்தி இது. அவர் கல்லூரியில் சத்துணவியல் படித்தவர்! படித்தவருக்கே அந்தக் கதி.

நம் மும்பைக்கு வருவோம். இங்கே நம்மைத் தின்னும் நோய் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் என்று 2012-இல் உலகச் செய்தியானதும் இந்த மும்பையில்தான். இருமலுக்கு நூறு காரணம் உண்டு; கைப்பேசி நூறையும் அடுக்கும். உங்கள் சளியை அது பார்க்குமா? ‘சாதாரணச் சளி’ என்று அது சொன்னதை நம்பி ஒரு மாதம் இருந்தால், அதே அறையில் படுத்திருக்கும் பிள்ளைகளின் கதி என்ன?

இயந்திரமே ஆகாது என்பதல்ல நம் கொள்கை. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்க் குறியைக் கணினி கொண்டு பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021-இல் பரிந்துரைத்தது. அந்த இயந்திரத்துக்கு முன்னால் எக்ஸ்ரே இருக்கிறது. பின்னால் சளிப் பரிசோதனையும் மருத்துவரும் உண்டு. நம் கைப்பேசிக்குப் பின்னால் யார் இருக்கிறார்?

ஆகவே, மருத்துவரிடம் என்ன கேட்பது என்று கைப்பேசியைக் கேளுங்கள். சீட்டிலுள்ள சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். மருந்து கேட்காதீர்கள், தொடங்கிய மருந்தை அதன் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் இருமல் நிற்காவிட்டால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. அது பிச்சையல்ல, உரிமை!

நமக்கும் கடமை உண்டு. மொழி தெரியாதவருக்கு மருத்துவமனைவரை துணைபோக இளைஞர்கள் இன்றே பெயர் கொடுங்கள். மாலை நேர மருத்துவமும் தமிழறிந்த ஊழியரும் வேண்டுமென்று மாநகராட்சியைக் கேட்போம். கூலி போகாமல் மருத்துவம் கிடைத்தால், நள்ளிரவில் இயந்திரத்திடம் யார் உயிரை ஒப்படைப்பார்?