அடிபட்ட வண்டியும் நம்ம கையெழுத்தும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கறவை மாடு, தையல், மசாலாப் பொடி பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேர் நல்லாப் பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் வேற. விபத்தில் அடிபட்ட காரை வாங்கி, சரி பண்ணி, விற்கிற தொழில். "அது ஆம்பளைங்க தொழிலாச்சே, நமக்கு எதுக்கு?" என்று ஒரு அக்கா பக்கத்தில் கேட்கிறது எனக்கே கேட்குது.

எதுக்குன்னா, தொழில் பண்றது அவங்களா இருக்கலாம். கடன் வாங்குறது நாம. நம்ம நாமக்கல் மாவட்டம் லாரி பாடி கட்டுறதுக்குப் பேர் போன மாவட்டம். டிங்கரிங், பெயிண்டிங், வெல்டிங் தெரிஞ்ச கை இங்கே தெருவுக்கு நாலு இருக்கு. வீட்டுக்காரரோ மகனோ "ஒரு ஆக்சிடென்ட் வண்டி மலிவா வருது, குழுவுல கடன் கேளு" என்பார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவது நாம். தவணை தவறினால் கூட்டத்தில் தலை குனிவதும் நாம். எங்கள் வீட்டில் பட்டறை இருக்கிறது. வரவு செலவு நோட்டை நான்தான் எழுதுகிறேன். அந்த நோட்டை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், இந்த வண்டிகள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். அந்த வண்டியின் இன்றைய மதிப்பு என்று கம்பெனி ஒத்துக்கொண்ட தொகை அது. புது வண்டி விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். 3 வருஷம் தாண்டி 4 வருஷத்துக்குள் என்றால் 40 சதவீதம் கழிவு. 7,00,000 ரூபாய் வண்டிக்கு ஐ.டி.வி. 4,20,000 ஆகும்.

விபத்து நடந்ததும் சர்வேயர் வந்து பார்ப்பார். சரி பண்ணும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். நம் கணக்கில் 75 சதவீதம் என்பது 3,15,000. எஸ்டிமேட் 3,40,000 வந்தால் அது டோட்டல் லாஸ். வண்டிக்காரருக்குப் பணம் போய்விடும், கடன் பாக்கி இருந்தால் முதலில் பைனான்ஸுக்குப் போகும். உடைந்த வண்டியை ஏலம் கேட்டு யாராவது எடுப்பார்கள். அதற்குத்தான் சால்வேஜ் என்று பேர்.

கம்பெனி வேண்டாம் என்று விட்டதை நம்ம ஆள் எப்படிச் சரி பண்றார்? கம்பெனி சர்வீஸ் சென்டர் எல்லாப் பாகத்தையும் புதுசாப் போடும், கூலியும் அதிகம். நம்ம பட்டறையில் கதவு, பானட், ஹெட்லைட் எல்லாம் பழைய பாகம் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் கிடைக்காத பாகம் இல்லை. கூலி நம்ம கை. அதனால் இது நேர்மையான தொழில்தான். கெட்டுப்போனதைச் சரி பண்ணிப் பிழைப்பதில் ஒரு கேவலமும் கிடையாது.

ஆனால் கணக்கு போடணும். நோட்டில் எழுதுவது மாதிரியே ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் சொன்ன அந்த வண்டியை 1,20,000-க்கு எடுக்கிறோம். இழுத்து வர 6,000. பாகங்கள் 1,05,000. டிங்கரிங், பெயிண்டிங் கூலி 45,000. ஏர்பேக், அதன் கம்ப்யூட்டர் பெட்டி, சீட் பெல்ட் 50,000. இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், மற்ற காகிதச் செலவு 15,000. குழுவில் 2,00,000 வாங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் அஞ்சு மாசத்துக்கு 10,000. கூட்டுங்க. 3,51,000 ஆச்சு.

இதே மாடல், அடிபடாத வண்டி சந்தையில் 4,20,000 போகுது. அடிபட்டது என்று சொல்லி விற்றால் 3,50,000 கிடைக்கும். ஆக, அஞ்சு மாசம் பாடுபட்டு ஆயிரம் ரூபாய் நட்டம்!

அக்கா தங்கச்சிகளே, தப்பு செய்யும் எண்ணம் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். "ஏர்பேக் யாருக்குத் தெரியப் போகுது, விட்டுடு" என்றால் 50,000 மிச்சம். "அடிபட்டதுன்னு சொல்லாதே" என்றால் 70,000 கூடுதல். ரெண்டும் சேர்ந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் பக்கம் லாபம். அந்த லாபம் யாருடையது? வாங்கிட்டுப் போற குடும்பத்தின் உயிருக்குப் போட்டிருந்த காப்பு அது. அதை எடுத்து நாம் தின்கிறோம்.

இதே வண்டியை 80,000-க்கு எடுத்திருந்தால்? எல்லாப் பாகமும் ஒழுங்காகப் போட்டு, உண்மையைச் சொல்லி விற்றும் 39,000 நிற்கும். அதனால் நான் சொல்ல வந்தது ஒண்ணுதான்: இந்தத் தொழிலில் லாபம் வாங்குற அன்னைக்கே முடிவாகிவிடும். விற்கிற அன்னைக்கு லாபம் தேடினால் பொய் சொல்லித்தான் ஆகணும்.

அப்போ வாங்குற அன்னைக்கு என்ன பார்க்கணும்? மெக்கானிக் பார்ப்பது வேற. கடன் கேட்டுக் கையெழுத்துப் போடுகிற நாம கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அடி எங்கே பட்டிருக்கு என்று கேளுங்க. இப்போ வர்ற பெரும்பாலான கார்களுக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பே ஒரே கூடு. கதவு, பம்பர், பானட் போனால் மாற்றிக்கலாம். கூரையைத் தாங்குகிற தூண்கள், இன்ஜினைத் தாங்கும் முன்பக்கக் கட்டை, அடித்தளம் இதெல்லாம் மடங்கியிருந்தால் சாதாரண பட்டறையில் முடியாது. இழுத்து நேராக்க அதற்கென்று பெஞ்ச் வேணும், அளவு பார்க்கணும். தீ வைத்துக் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த உறுதியான இரும்பு பலம் இழந்துவிடும். பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் பளபளன்னு இருக்கும். அடுத்த விபத்தில் அப்பளமா நொறுங்கும்.

ஏர்பேக் ஒரு தடவை வெடித்தால் முடிந்தது. மடித்து உள்ளே வைத்துத் தைக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணையணும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படணும். அணையாமலே எரிந்தால் உள்ளே கோளாறு இருக்கிறது.

தண்ணீரில் மூழ்கிய வண்டி இன்னொரு வகை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். இப்படி வெள்ளம் வந்துபோன பிறகு பார்க்கப் புதுசு மாதிரி வண்டிகள் மலிவாக வரும். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, அடியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்க, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும். மூக்கை வைத்தால் பூஞ்சை வாடை வரும். ஒயரிங் முனைகள் பச்சை பூத்தால் இன்னைக்கு ஓடும், ஆறு மாசத்தில் நடுரோட்டில் நிற்கும். இந்த வாடையைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், நாமே போதும்.

அடுத்து காகிதம். இதில் நாம் ஏமாறக் கூடாது. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்போ, சுரண்டிய அடையாளமோ இருந்தால் கிட்டவே போகாதீங்க. டோட்டல் லாஸ் வண்டியை அதன் ஆர்.சி.க்காகவே வாங்குகிற திருட்டுக் கூட்டம் இருக்கிறது. அதே மாடல், அதே கலரில் ஒரு வண்டியைத் திருடி, இதன் நம்பரை அதில் ஒட்டி விற்றுவிடுவார்கள். அதனால் உடைந்த வண்டியை வாங்கும்போது மட்டுமல்ல, விற்கும்போதும் யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியணும்.

ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கணும். இனி ஓட்டவே முடியாது என்கிற அளவுக்கு அழிந்த வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு. அப்படி ரத்தான வண்டி பாகத்துக்குத்தான் ஆகும், ரோட்டில் ஓட்ட ஆகாது. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் ஆர்.சி. நிலை, இன்சூரன்ஸ், பைனான்ஸ் இருக்கிறதா என்பது தெரியும். பைனான்ஸ் பேர் இருந்தால் அவர்களிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீங்க.

இப்போ நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டியதுக்கு வர்றேன். பெயர் மாற்றம். நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டி நாலு கை மாறும். செலவு மிச்சம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர் பெயரில் பழைய ஆம்னி ஒன்று இருந்தது. அதை விற்று இரண்டு வருஷம் கழித்தும் சீட் பெல்ட் அபராதம் மாதிரி சலான் அவர் போனுக்கே வந்துக்கிட்டு இருந்தது. சலானோடு போனது அவருக்கு நல்ல காலம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை அடித்துவிட்டால், என்றைக்கோ விற்ற நம்ம வீட்டுக் கதவுக்கு நோட்டீஸ் வரும்.

அதனால் விற்றால் 14 நாளுக்குள் நாம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள் தெரிவிக்கணும். இது 50-ஆம் பிரிவு. சாவி கொடுக்கிற அன்னைக்கே தேதி, நேரம் போட்டு, கிலோமீட்டர் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள நகலும் வாங்கி வையுங்க. தொடர்ந்து வாங்கி விற்கிற வீடாக இருந்தால், பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அங்கீகாரம் வாங்கும் முறை வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அதை வாங்கிக்கிட்டா, வண்டி நம்ம கையில் இருக்கும் காலத்துக்கு நாமே உரிமையாளராகக் கணக்கில் வருவோம். முன்னாடி வைத்திருந்தவருக்கும் நிம்மதி, நமக்கும் தெளிவு.

விற்கும்போது உண்மையைச் சொல்லணும் என்றேன். எப்படிச் சொல்வது? எங்கள் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பை வைத்திருக்கிறோம். அடிபட்ட நிலையில் எடுத்த போட்டோ, மாற்றிய பாகங்களின் பில், எது புதுசு எது பழசு என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். வாங்க வருகிறவரிடம் முதலில் அந்தப் பையைக் கொடுத்துவிடுவோம். சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். போகட்டும். வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார், நாளைக்கு வந்து சண்டை போட மாட்டார், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக மாட்டார். அதைவிட, அடுத்த வண்டிக்குத் தன் மச்சானையும் கூட்டிக்கிட்டு வருவார்.

கடைசியாக, குழுத் தலைவிகளுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தொழிலுக்கு யாராவது கடன் கேட்டால் "ஆம்பளை தொழில், வேண்டாம்" என்று தள்ளாதீங்க. "அவங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்" என்று கண்ணை மூடிக்கிட்டும் கொடுக்காதீங்க. நாலு கேள்வி கேளுங்க. வண்டியை நேரில் பார்த்தாச்சா? ஏர்பேக்கும் வட்டியும் சேர்த்துச் செலவுக் கணக்கு எழுதியாச்சா? ஆர்.சி., பைனான்ஸ், இன்சூரன்ஸ் சரி பார்த்தாச்சா? அடிபட்டது என்று சொல்லி விற்றாலும் கடன் அடையுமா? நாலுக்கும் பதில் தீர்மான நோட்டில் ஏறட்டும். அதற்குப் பிறகு பணம் கொடுங்க.

கேள்வி கேட்டால் உறவு கெட்டுப்போகும் என்று சிலர் பயப்படுவார்கள். கணக்கு தெரிந்த பெண்ணிடம் வீட்டுக்காரரும் கணக்கோடுதான் வருவார், நான் பார்த்துக்கிட்டிருக்கிறேன். பத்து ரூபாய் சந்தாவுக்கே மூணு பேர் கையெழுத்துப் போட்டு நோட்டு எழுதப் பழகினவர்கள் நாம். மூணு லட்சம் ரூபாய் வண்டிக்கும் அதே நோட்டைப் பிரிப்போம்.