குழந்தைகள் தடையின்றி வாசிக்க

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"என் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும். புத்தகத்தை எடுத்தால்தான் இழுத்து இழுத்து வாசிக்கிறான்" என்று பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். இதைச் சிறு குறையென்று விட்டுவிடலாகாது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்திலேயே செலவாகிவிடுகிறது. வரியின் கடைசிச் சொல்லை எட்டுமுன் முதற்சொல் மறந்துபோகிறது. மூன்றாம் வகுப்பிலும் இப்படியே நின்றுவிட்டால் கணக்கும் வராது. கூட்டலும் கழித்தலும் தெரிந்திருந்தும், கேள்வியை வாசித்து முடிக்க இயலாது. நாமோ அவனுக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்!

தமிழில் இதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது; ஒலியோ மெய் முதலிலும் ஒகரம் அடுத்தும் வருகிறது. கண் காணும் வரிசை வேறு, நா சொல்லும் வரிசை வேறு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றே. ஒலிப்பு மூன்று விதம். போதாக்குறைக்கு, வீட்டில் 'வந்துகிட்டிருந்தாங்க' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதைச் சந்திக்கிறது. காதில் விழாத சொல்லை நா எப்படி உருட்டும்? ஆகவே முதலில் ஆசிரியர் நிறுத்தி, பொருள் விளங்க வாசித்துக் காட்டவேண்டும்.

வகுப்பில் ஒருவர்பின் ஒருவராக எழுப்பி இரண்டிரண்டு வரி வாசிக்கச் சொல்வது நம் பழைய வழக்கம். 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்றால் ஒருவருக்குக் கிடைப்பது 1 நிமிடம். மீதி 39 நிமிடமும் தனக்கு வரப்போகும் வரியை எண்ணிக்கொண்டு நடுங்கியிருப்பதே மெலிந்த பிள்ளையின் வேலை. எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிப்பதும் வாசிப்பு ஆகாது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அந்த ராகம் வரும். ஐயமிருந்தால் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எளிய வழியொன்றைக் காட்டினார். சிறு பகுதி ஒன்றைச் சரளமாக வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்வதே அது. அந்தப் பகுதியில் வேகம் கூடியதில் வியப்பில்லை. அடுத்து எடுத்த புதுப் பகுதியின் முதல் வாசிப்பே முன்னைவிட நன்றாயிருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஞாயிறு வாசகத்தைச் சனிக்கிழமையே நாலைந்து தரம் வாசித்துப் பார்த்துவிட்டு வரும் நம் வாசகர்களுக்கு இது புதிதன்று. வளர்ந்தவருக்கு வேண்டியிருக்கும் ஒத்திகையைச் சிறு பிள்ளைக்கு மறுக்கலாமா?

இருவர் இருவராக அமரவைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் விரலோட்டிக் கேட்கட்டும். 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் 5 நிமிடம் வாசித்துவிடுவர். இரைச்சல் எழும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் சுளிப்பார், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடிகாரத்தை வைத்து விரட்டுவது மட்டும் வேண்டாம். விரட்டினால் பிள்ளை சொற்களை விழுங்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, "மறுபடி வாசி, அப்புறம் அவன் எங்கே போனான்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே பிள்ளை பொருளைப் பார்த்து வாசிக்கும். படித்தவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் குறுக்கிடாமல், வாக்கியம் முடிந்தபின் திருத்துங்கள்.

நீண்ட வாக்கியங்களில் நிறுத்தவேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு கோடு இட்டுக்கொடுங்கள். நான்கைந்து நாள் வாசித்தபின் அக்கோடுகளை அழித்துவிட்டு, அதே பக்கத்தை மறுபடி கையில் கொடுத்துப் பாருங்கள்.