பின்னோக்கி ஒரு கணக்கு, முன்னோக்கி ஒரு கணக்கு



ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனடியில் கொஞ்ச நேரம் நின்றால், "ஏதோ ஆய்வு சொல்லுதாம்" என்று யாராவது சொல்வது காதில் விழும். அது எந்த வகை ஆய்வு என்று கேட்பவர்கள் குறைவு. அதை விளக்க எங்கள் சிட்னியிலேயே ஒரு கதை இருக்கிறது.

1941ஆம் ஆண்டு. நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியரிடம் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பிறவிக் கண்புரை அபூர்வம். காத்திருந்த தாய்மார் சிலர், கர்ப்பகாலத்தில் தங்களுக்கு ஜேர்மன் சின்னமுத்து, அதாவது ருபெல்லா, வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாம். 1940இல் அந்த நோய் இங்கே பரவியிருந்தது. மற்ற வைத்தியர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விபரம் சேர்த்தார். 68 பேரின் தாய்மாருக்கு அந்த நோய் வந்திருந்தது.

பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் இந்தக் கணக்கு பாதிக்கப்பட்ட பிள்ளையில் தொடங்கித் தாயிடம் பின்னோக்கிப் போன கணக்கு. "ருபெல்லா வந்த நூறு தாய்மாரில் எத்தனை பேரின் பிள்ளைக்குப் பாதிப்பு?" என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. நோய் வந்தும் சுகமான பிள்ளையைப் பெற்ற தாய் கண் வைத்தியரிடம் ஏன் போகப்போகிறாள்? அவள் கணக்கிலேயே வரமாட்டாள். இந்த இரண்டையும் குழப்பினால், கர்ப்பிணி ஒருத்திக்குச் சொல்லும் புத்திமதியே பிழைத்துப்போகும்.

சீட்டுக் குலுக்கிப் பாதித் தாய்மாருக்கு நோயைக் கொடுத்துப் பார்க்கவா முடியும்? மருந்துகளுக்குச் செய்யும் அந்தப் பரிசோதனை இங்கே நடவாது. ஆகவே பிரித்தானியாவில் 1950களில் தாயிலிருந்து தொடங்கினார்கள். நோய் வந்த தாய்மாரையும் வராதவர்களையும் பதிந்து, பிள்ளைகளை முன்னோக்கித் தொடர்ந்தார்கள். பயந்த அளவை விட ஆபத்து மிகக் குறைவாகத் தெரிந்தது.

அதுவும் முழுச் சரியில்லை என்பதுதான் வேடிக்கை. அன்று தோலில் வந்த சிவப்பைப் பார்த்தே ருபெல்லா என்றார்கள். வேறு காய்ச்சல்காரரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட, ஆபத்து ஐதாகிப்போனது. இரத்தப் பரிசோதனையில் உறுதியான தாய்மாரை மட்டும் தொடர்ந்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. முதல் பத்து வாரங்களுக்குள் தொற்றிய பிள்ளைகள், எண்ணிக்கை சிறிதுதான், எல்லோருக்குமே பாதிப்பு இருந்தது. பதினாறு வாரத்துக்குப் பின் தொற்றியவர்களில் ருபெல்லாவால் வந்த குறைபாடு காணவில்லை. முன்னோக்கிப் பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் யாரை நோயாளி என்று எண்ணினீர்கள் என்பதையும் கேட்கவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் 1971இல் பள்ளி மாணவிகளுக்கு ருபெல்லா தடுப்பூசி தொடங்கியது. 2018இல் இங்கே நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இலங்கையில் தடுப்பூசி வந்தது 1996இல். தமிழ்நாட்டில் 2017இல்தான் பெரிய அளவில் போட்டார்கள். ஆகவே ஊரில் பிறந்து வளர்ந்து இங்கே வந்திருக்கும் பெண்பிள்ளைகள், குழந்தைக்கு எண்ணுமுன்னே வைத்தியரிடம் ஒரு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஊசி போடலாம். கர்ப்பமானபின் அந்த ஊசி போடமாட்டார்கள். போட்டபிறகும் ஒரு மாதம் பொறுக்கவேண்டும்.