அவலாஞ்சி ஓடையில் ஒரு குளிர்நீர் மீன்

கோவில்பட்டி வட்டாரத்தில், கடம்பூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும். தண்ணீர் சூடேறிக் கலங்கினாலும் விரால் தாக்குப்பிடிக்கும். அடிக்கடி மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிக்கொள்ளும். அந்த வசதி இல்லாத ஒரு மீனைத் தேடி இன்றைய பயணம் நீலகிரிக்குப் போகிறது.

ஊட்டிக்குத் தென்மேற்கே, சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அவலாஞ்சி. டிரவுட் மீனுக்காக 1907இல் அங்கே ஒரு குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார்கள். 1863இலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. மீன் வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் மலையோடைகளில் நிலைத்தது.

கரையில் நிற்பவருக்கு ஓடை முழுவதும் ஒரே தண்ணீர். மீனுக்கு அப்படியில்லை. வளர்ந்த டிரவுட் பாறைக்குப் பின்னே நீர் அடங்கும் இடமாகப் பார்த்து, தலையை நீர் வரும் திசையை நோக்கி வைத்து நிற்கும். பக்கத்தில் பாயும் நீரில் பூச்சி மிதந்து வந்தால் ஒரு பாய்ச்சல். கவ்வியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நீச்சலில் வீணாகும் தெம்பு மிச்சம். நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொண்டு சிறியதை விரட்டும். குஞ்சுகளுக்குக் கரையோரத்து ஆழமில்லாத நீர்தான். வெயில் ஏறினால் மடுவும், வேர் தொங்கும் கரையடியும் புகலிடம்.

முட்டையிட வேண்டுமானால் சரளை வேண்டும். தாய்மீன் வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, கல்லால் மூடும். கல்லிடுக்கில் புகுந்தோடும் நீரே முட்டைக்கு மூச்சு. 10 டிகிரிக் குளிரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மேட்டுத் தோட்டத்து மண் கரைந்துவந்து இடுக்கை அடைத்தால் அத்தனையும் வீண்.

மழையும் அங்கே சாதாரணமல்ல. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அவலாஞ்சியில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. கோவில்பட்டி வட்டாரத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட வெள்ளத்தில் சரளையே பெயர்ந்து போகும்.

நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் திணறத் தொடங்கும். ஓடைக்கு நிழல் தந்து, கோடையிலும் நீரைக் கசியவிடுபவை சோலைக்காடுகள். அவற்றை வெட்டாமல் காப்பதுதான் இந்த மீனுக்குச் செய்யும் முதல் உதவி. ஆனால் டிரவுட் வெளியூர் மீன். மலைத் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் தின்னக்கூடியது. அதனால், அது இன்னும் எட்டாத ஓடைகளில் புதிதாகக் குஞ்சு விடக்கூடாது.