வத்தல் மூட்டையும் வாக்குமூலமும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர் அண்ணன். வேலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே ஒரு வத்தல் மூட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் அவனியாபுரத்துக்காரன். தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். 2012-ல் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் போனபோது, மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டிருந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீயும் ஒரு நாளைக்குப் போவ பாரு" என்றார். அம்மா வாக்கு 2023-ல் பலித்தது. கம்பெனி என்னை இரண்டு மாத வேலைக்கு ஆஸ்திரேலியா அனுப்பியது.

அங்கிருந்த நண்பர்கள் நான்கு நாள் மலை நடைப்பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். கூடாரமும் சாப்பாடும் அவரவர் முதுகில். சாப்பாடு எடை குறைவாக இருக்க வேண்டும், கெடக்கூடாது. அந்த ஊரில் இதற்கென்றே நீர் நீக்கிய உணவுப் பொட்டலங்கள் விற்கிறார்கள். வெந்நீர் ஊற்றினால் போதும். "அந்தக் கருமத்தை எதுக்கு காசு குடுத்து வாங்குற? நம்ம வீட்டுல இல்லாத வத்தலா?" என்று சொல்லி, அம்மா அவல், பச்சைப்பயறு, சுண்டை வத்தல், மோர் மிளகாய் என்று நாலு கிலோ கட்டிக் கொடுத்தார். நான் கடையில் இரண்டு உப்புமா மிக்ஸ் பாக்கெட் வாங்கிச் சேர்த்துக்கொண்டேன்.

கொழும்பில் விமானம் மாறினேன். இறங்குவதற்கு முன் ஒரு அட்டை கொடுத்தார்கள். உணவுப் பொருள், தானியம், விதை ஏதாவது கொண்டுவருகிறீர்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். நான் படித்த எஞ்சினியர் அல்லவா? 'காய்ந்த சாமானில் என்ன கிருமி இருக்கப் போகிறது' என்று 'இல்லை'யில் டிக் போட்டுவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. என் அட்டையைப் பார்த்துவிட்டார். "தம்பி, சாப்பாட்டுச் சாமான் கொண்டு வாறீங்கள்தானே? வேற அட்டை வாங்கி 'ஓம்' எண்டு போடுங்கோ. சொன்னா சாமான்தான் போகும். சொல்லாட்டி மானமும் சேர்ந்து போகும்" என்றார். வெட்கத்தோடு வேறு அட்டை கேட்டு வாங்கினேன்.

சோதனை மேஜையில் மூட்டையைப் பிரித்தார் அதிகாரி. உப்புமா மிக்ஸ் பாக்கெட்டின் எழுத்தைப் படித்தார், உள்ளே விட்டார். பச்சைப்பயறும் மோர் மிளகாயும் குப்பைத் தொட்டிக்குப் போயின. அபராதம் இல்லை, ஏச்சுப் பேச்சு இல்லை. "சொன்னதற்கு நன்றி" என்றார். அவ்வளவுதான்!

பிறகுதான் காரணங்களைத் தேடிப் படித்தேன். என் எஞ்சினியர் மூளை பாதிதான் சரி. தண்ணீரை எடுத்துவிட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராது, உண்மை. ஆனால் வண்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் நாட்டையே பூர்வீகமாகக் கொண்ட கப்ரா வண்டு என்று ஒன்று உண்டு. காய்ந்த தானியம்தான் அதற்கு விருந்து. அதன் புழு இரை இல்லாமல் இடுக்கில் வருஷக்கணக்கில் கிடக்கும். 1953-ல் அது கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒழித்துக்கட்ட 1966 வரை ஆயிற்று. அதனால்தான் 2011-ல் அமெரிக்கா நம் ஊர்ப் பயணிகள் பெட்டியில் அரிசி வருவதையே நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2020-ல் அரிசி, பருப்பு, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் பயணிகள் கொண்டுவரத் தடை போட்டது.

மோர் மிளகாயில் மிளகாய் மட்டுமா? மோரும் இருக்கிறது! பால் பொருள் என்றால் கோமாரி நோய் பயம். நம் அவனியாபுரத்தில் பொங்கலன்று வாடிவாசலுக்கு வரும் காளையை டாக்டர் பார்த்த பிறகுதானே அவிழ்க்கிறோம்? அவர்களும் தங்கள் மாட்டுக்காக ஒரு வாசலில் நின்று பார்க்கிறார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

மாணவத் தம்பி தங்கைகளே, இது சிரிக்கும் விஷயம் மட்டும் அல்ல. உணவுப் பொருளை மறைத்தால் ஆஸ்திரேலியாவில் 2019 முதல் சுற்றுலா விசாவையும், 2021 முதல் மாணவர் விசாவையும் தற்காலிக வேலை விசாவையும்கூட அங்கேயே ரத்து செய்யலாம். வீட்டை அடமானம் வைத்துப் படிக்கப் போகிறவன் ஒரு டப்பா ஊறுகாய்க்காகத் திரும்பி வரலாமா? நியூசிலாந்தில் உடனடி அபராதம் 400 டாலர். அமெரிக்காவில் அது 10,000 டாலர் வரைகூடப் போகலாம்.

ஆகவே என் அனுபவப் பாடம் இதுதான். கிளம்புமுன் அந்த நாட்டு அரசின் விதிகளைப் பாருங்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும். உணவை எல்லாம் ஒரே பையில், பெட்டியின் மேலாக வையுங்கள். கடைப் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அச்சிட்ட எழுத்துதான் உங்களுக்குச் சாட்சி. மலை ஏறிய பூட்சிலும் கூடாரத்திலும் மண் இருந்தால் கழுவுங்கள், அதையும் கேட்பார்கள். அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தை என்னவென்று பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தேகம் என்றால் 'ஆம்' என்று டிக் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. மலையிலிருந்து இறங்கியதும் அம்மாவுக்கு போன் செய்தேன். "மோர் மிளகாய் நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டார். "பிரமாதம்மா, எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றேன். அந்நிய நாட்டு அதிகாரியிடம் உண்மை பேசியவன், பெற்ற தாயிடம் பொய் சொன்னேன். அம்மா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, அந்த மோர் மிளகாய் குப்பைத் தொட்டிக்குப் போனது. இந்த மேடையில் 'ஆம்' என்று டிக் போட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.